எயிற்பட்டினத்துக்கு வழி

வேங்கிக்கால் ஏரிக்கரையில் நிற்கிறவரின் கண்ணில் முதலில் படுவது அண்ணாமலைதான். அப்புறம் வேலூர்ச் சாலை, ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள், அவர்களுக்காக முளைத்த டீக்கடைகள், ஜெராக்ஸ் கடைகள். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது திருவண்ணாமலை மாவட்டத்தின் பங்குக்கு ஒரு சாண் கடற்கரைகூட வரவில்லை. கடல் இங்கே கருவாடாகவும் உப்பாகவும்தான் வந்து சேர்கிறது. சந்தை நாளில் சாக்கு விரித்து நெத்திலியையும் வாளையையும் திருக்கையையும் தனித்தனிக் குவியலாகப் போட்டிருப்பவரிடம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் மரக்காணம், கடலூர், புதுச்சேரி என்று ஏதாவதொரு பெயர் வரும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் சுமார் 100 கிலோமீட்டரில் கடல்.

அந்தக் கரைக்கு ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே வழி எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் இரண்டு மொழிகளில்.

ஒன்று கிரேக்கம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த, கிரேக்கம் பேசிய வணிகர் ஒருவர் எழுதியதாகக் கருதப்படும் 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்'. 66 சிறு பகுதிகள் கொண்ட அந்தக் கையேட்டை எழுதியவர் தன் பெயரை அதில் விடவில்லை. மேற்குக் கரையின் முசிறியைப் பற்றி, மிளகைப் பற்றி, எந்த மாதம் கப்பல் கிளம்ப வேண்டும் என்பதைப் பற்றி அவர் விரிவாகச் சொல்கிறார். குமரியைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் எழுத்து சுருங்கிவிடுகிறது. சோழக் கரையின் துறைமுகங்களாக கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். அங்கே கரையை ஒட்டிப் போகும் உள்ளூர்க் கலங்கள் உண்டு. மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் பெருங்கலங்கள் உண்டு. கங்கைக்கும் கிழக்கே பொன்னாட்டுக்கும் போகும் கப்பல்கள் உண்டு. அவ்வளவுதான். இந்தப் பகுதியை அவர் நேரில் பார்க்காமல் கேள்விப்பட்டு எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

மற்றொன்று தமிழ். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு அரசன் நல்லியக்கோடன். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர் (வேலூர்ச் சாலை போய்ச் சேரும் வேலூர் அல்ல), ஆமூர், பிறகு அரசன் இருக்கும் கிடங்கில். கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்டது. எயிற்பட்டினம் மரக்காணத்தைச் சுட்டும் என்பது பலர் ஏற்ற முடிவு. இங்கேதான் இரண்டு கையேடுகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. 'எயில்' என்றால் மதில். 'சோ' என்பதும் பழந்தமிழில் மதிலையும் அரணையும் குறித்த சொல். கிரேக்கர் சோபட்மா என்று எழுதியது சோப்பட்டினம் என்றால், அது எயிற்பட்டினத்தின் மறுபெயர்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சதுரங்கப்பட்டினம்தான் சோபட்மா என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

ஊர் ஒன்றாகவே இருக்கட்டும். அதைப் பார்த்த கண்கள் வேறு. பெரிப்ளஸ் வணிகருக்கு அது ஒரு துறை, ஒரு பெயர். பாணனுக்கோ அது அடுப்பெரியும் ஊர். நுளையர் வீட்டுப் பெண் வடித்தெடுத்த பழைய கள்ளைப் பரதவர் உங்களுக்கு ஊட்டுவார்கள். வீட்டுக்கு வீடு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவார்கள் என்று அவன் சொல்லி அனுப்புகிறான். அந்தக் கள்ளைக் காய்ச்ச எரியும் விறகு எது என்பதையும் சொல்கிறான்: அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரம். கரையில் அது கிடக்கும் கோலம் ஒட்டகம் படுத்து உறங்குவதுபோல் இருக்கிறதாம். கடலோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒப்புமை எவ்வளவு கூர்மையானது என்று. அகில் மணக்கும் அடுப்பும் சுட்ட கருவாடும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. வணிகர் விலை கேட்டிருக்கக்கூடிய மரத்தை, மீனவர் வீட்டுப் பெண் அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு கரையோரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர் கையில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் என்ன பார்க்கிறார் என்பது அமைகிறது.

திருவண்ணாமலைக்காரருக்கு ஆற்றுப்படை அன்னியமான வடிவம் இல்லை. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகள் ஐந்தில் மிகப் பெரியதான மலைபடுகடாம், 583 அடிகளில், செங்கத்து நன்னன் அவைக்குக் கூத்தரை அனுப்பி வைக்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது. மலைப்பாதையில் எங்கே வழுக்கும், எங்கே பாம்புப் புற்று இருக்கும், தினைப்புனத்தில் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், எந்தச் சிற்றூரில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிச் சேயாற்றங்கரையில் கொண்டுபோய் விடுகிறது. மேற்கே செங்கத்துக்கு ஒரு வழிநூல். கிழக்கே எயிற்பட்டினத்தை உள்ளடக்கிய வழிநூல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வேங்கிக்கால்.

கிழக்கு வழியில் முதலில் வருவது செஞ்சி. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. பேருந்து ஜன்னலிலிருந்தே குன்றுகளும் மதிலும் தெரியும். கடலைத் தேடிப் போகிறவர் இங்கே கோட்டையைவிட ஆற்றைக் கவனிக்க வேண்டும். செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து கிழக்கே போகும் அந்த ஆற்றுக்குச் செஞ்சியாறு, வராகநதி, சங்கராபரணி என்று பெயர்கள். மழைக்காலம் தவிர மணலாகவே கிடக்கும். 80 கிலோமீட்டருக்கும் குறைவான நீளம். புதுச்சேரியை நெருங்கும்போது பிரிந்து, ஒரு கிளை சுண்ணாம்பாறாகவும் இன்னொன்று அரியாங்குப்பம் ஆறாகவும் கடலில் விழுகிறது. அந்த இரண்டாவது கிளையின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. பெரிப்ளஸ் சொன்ன பொதுகே இதுவே என்பது பரவலான கருத்து.

அரிக்கமேட்டுக்கு முதன்முறை போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மாமரங்கள், தென்னை, ஆற்றின் பச்சைத் தண்ணீர், 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் இடிபாடு. பார்க்க அவ்வளவுதான். அடியில் இருந்ததை எடுத்தவர்களின் வரிசை நீளமானது. வெள்ளிக்கோளின் நகர்வைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, 1769இல் அந்த நாளில் மேகம் மறைத்துவிட ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி, வீராம்பட்டினம் பக்கம் பழைய செங்கல் சுவர்கள் இருப்பதைக் குறித்து வைத்தார். 1937இல் அங்கே கிடைத்த பொருள்களை ழூவோ துப்ரேய் சேகரித்தார். அவற்றில் அகஸ்டஸ் சீசரின் தலை செதுக்கியதாக அவர் கருதிய கல் ஒன்றும் உண்டு. 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரியில் ஒரு மதுச்சாடியின் உடைந்த கழுத்தைக் கண்டு திகைத்த தொல்லியலாளர் மார்டிமர் வீலர், மறு ஆண்டே அரிக்கமேட்டில் குழி தோண்டினார். 1947 முதல் 1950 வரை தோண்டியவர் கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானியர் வந்து உருவாக்கிய ஊர் என்பதுபோல் வீலர் எழுதியதைப் பெக்லியின் ஆய்வு மாற்றியது: கிரேக்கக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள், மணி கோத்தார்கள், கடலுக்குப் போனார்கள்.

அங்கே கிடைத்த மதுச்சாடி ஓடுகளில் கணிசமானவை கிரேக்கத் தீவான கோஸைச் சேர்ந்த வகை. ரோட்ஸ், நிடோஸ் வகைகளும் இருந்தன. ஹிப்போகிரட்டஸ் பிறந்த ஊர் கோஸ். அந்தத் தீவின் மதுவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அதில் கடல்நீர் சேர்ப்பார்கள். ரோமானியக் கேட்டோ தன் வேளாண்மை நூலில் அந்த மதுவின் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். ஏஜியன் கடலின் உப்பு, திராட்சைச் சாறோடு மண்சாடிக்குள் அடைபட்டு, எகிப்தின் பாலைவனச் சாலை கடந்து, செங்கடலில் கப்பலேறிப் பருவக்காற்றில் அரபிக்கடலைத் தாண்டி, செஞ்சி மலையிலிருந்து இறங்கி வந்த ஆற்றின் கரையில் உடைந்து கிடந்திருக்கிறது. சாடியின் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும், தூரம் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு கனமான பொருள் என்று.

அரிக்கமேட்டுக்கு மிக அருகில் இருக்கிறது வீராம்பட்டினம். இன்றும் மீனவர் ஊர். பொதுகே மண்ணுக்குள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் கடலோடு பேசிக்கொண்டிருக்கும் ஊர். ஆடி மாதம் இங்கே செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். இப்போது துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து இழுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாளாவது ஆட்சி குப்பத்துக்கு நடந்துவந்து கயிற்றைப் பிடிக்கிறது.

இந்தக் கரையெங்கும் திரும்பத் திரும்ப வருவது இந்த இரட்டைதான்: ஒரு பட்டினம், அதை ஒட்டி ஒரு குப்பம். பட்டினத்துக்கு மதில், கிடங்கு, நாணயச்சாலை, அரசன் பெயர். குப்பத்துக்குப் பனையோலைக் கொட்டகை, காயும் வலை, ஊர்ப் பஞ்சாயத்து, அம்மன் கோயில். வரலாற்று நூல்கள் முதலாவதைப் பேசுகின்றன. நடந்து பார்த்தால் மிஞ்சியிருப்பது இரண்டாவது.

ஆலம்பரை இதற்கு நல்ல சாட்சி. மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் உடைந்த செங்கல் கோட்டை. 1736க்கும் 1740க்கும் இடையில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் எழுந்தது. 1750இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு வெகுமதியாகப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதியான படகுத்துறை; ஆலம்பரை வராகன் என்று பெயர் வாங்கிய பொற்காசு அடித்த நாணயச்சாலை. கட்டி எழுப்பி, பரிசளித்து, இடித்து முடிக்க மொத்தம் கால் நூற்றாண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிச்சமும் உடைந்தது. அந்தக் கோட்டையின் பெயரைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே ஆலம்பரைக் குப்பம் இருக்கிறது. அங்கிருந்து படகுகள் போய் வருகின்றன. இந்தப் பகுதிக்கு இன்றும் பேரூராட்சிப் பெயர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் அடைமொழி, பஞ்சாயத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. கோட்டை 25 ஆண்டு, சொல் 2000 ஆண்டு.

இன்னும் வடக்கே சதுரங்கப்பட்டினம். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆண்டபோது அதற்கு ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர் இருந்தது. அந்த ராஜநாராயணச் சம்புவராயரின் தலைநகரம் படைவீடு, ஜவ்வாது மலையடியில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில். மலையடியில் வாழ்ந்த அரசன் தன் பெயரை ஒரு துறைமுகத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 1989இல் மாவட்டம் உருவானபோது அதன் பெயரிலும் சம்புவராயர் ஒட்டிக்கொண்டார். டச்சுக்காரர் வந்து கோட்டை கட்டினார்கள், மெல்லிய துணி ஏற்றினார்கள். கப்பல் பொறித்த அவர்களின் கல்லறைகள் இன்றும் கோட்டைக்குள் இருக்கின்றன. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் கரைக்கு அப்பால் மோதிக்கொண்டன. இப்போது கோட்டைக்குள் புல் வளர்கிறது, பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். கடலுக்குப் போகிற குப்பம் மட்டும் போகிறது.

மரக்காணத்துக்கே திரும்ப வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊரை நெருங்கும்போது இருபுறமும் உப்பளங்கள்; வெயில் ஏறினால் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். ஊருக்குள் சோழர் காலப் பூமீசுவரர் கோயில். அரசுகள் மாறிய பிறகும் இந்த ஊர் செய்துகொண்டிருந்த தொழில் இந்த உப்பு. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து கிளம்பும் பக்கிங்காம் கால்வாய் சுமார் 420 கிலோமீட்டர் ஓடி முடிவதும் இங்கேதான். 1806இல் தனியார் வெட்டிய சிறு வாய்க்காலாகத் தொடங்கி, தாது வருஷப் பஞ்சத்தின்போது கூலிக்கு மண் சுமந்த பட்டினி மக்களின் கையால் சென்னைக்குள் இணைந்து, அப்போதைய கவர்னரின் பெயரைப் பெற்ற நீர்வழி. சென்னைக்கு உப்பும் விறகும் கொண்டுபோன படகுகள் இதில் போயின.

தெற்கே கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் தகுதி. மழைநீரும் கடல்நீரும் கலக்கிற இந்தப் பரப்பில் இறாலும் மடவையும் கொடுவாவும் வளர்கின்றன. இறாலுக்குக் கைகளால் தண்ணீரைத் துழாவிப் பிடிக்கிறவர்களும் பூநாரையும் ஒரே ஆழத்தில் நிற்கிறார்கள்.

இங்கிருந்து தெற்கும் வடக்கும் குப்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அதுவே ஒரு கடற்பயணக் குறிப்பு: எக்கியார்குப்பம், அழகன்குப்பம், கைப்பாணிக்குப்பம், முதலியார்குப்பம், கூனிமேடு, பொம்மையார்பாளையம். பெரிப்ளஸில் இவை இல்லை. இந்தக் கரையின் மீனவர்களில் பெரும்பகுதியினர் தங்களைப் 'பட்டினவர்' என்று சொல்கிறார்கள். குப்பத்தில் வாழ்கிறவர்களின் சமூகப் பெயர் பட்டினவர். செட்டியார் என்ற பட்டமும் பலருக்கு உண்டு. மதிலும் மணியும் மதுச்சாடியும் மண்ணுக்குள் போன பிறகு, 'பட்டினம்' என்ற சொல் போய்க் குடியேறியது இவர்களுடைய பெயருக்குள்.

சங்கரா என்று கிரேக்கர் எழுதியது, மரங்களைப் பிணைத்த கலம். கட்டு மரம் என்ற பெயரிலேயே அதன் தொழில்நுட்பம் இருக்கிறது. ஆணி கிடையாது, மரத்துண்டுகளைக் கயிற்றால் வரிந்து கட்டி, அலையை உடைத்துக்கொண்டு போய், திரும்பி வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். உடைந்தாலும் மூழ்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன. கட்டுமரம் மெல்ல ஓரத்துக்குப் போனது. இன்று கரைக்குப் போகிறவர் நூறு ஃபைபர் படகுகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு கட்டுமரத்தைப் பார்த்தால் அதிகம். கட்டுமரத்தில் போனவருக்குக் காற்றும் நீரோட்டமும் தெரிந்திருந்தே ஆக வேண்டும். வாடை எப்போது விழும், கொண்டல் எப்போது திரும்பும், கலங்கல் தண்ணீரில் என்ன மீன் வரும் என்ற அறிவு அந்தக் கயிற்று முடிச்சோடு சேர்ந்தே வந்தது. எஞ்சின் வைத்த படகு அந்த அறிவில் பாதியைத் தேவையில்லாததாக்கிவிடுகிறது.

கிரேக்கக் கரைகளிலும் இதே இழப்பு வேறு வழியில் நடந்திருக்கிறது. அங்கே 'கைக்கி' என்று சொல்லும் மரப்படகுகள், கோஸைச் சுற்றிய தீவுகளின் மீனவரும் கடற்பஞ்சு எடுக்க மூழ்குவோரும் தலைமுறைகளாகக் கட்டி ஓட்டியவை. மீன் வளத்தைக் காக்க மீன்பிடிக் கலங்களைக் குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தபோது, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தால் பணம் என்றார்கள். பணம் வாங்க வேண்டுமானால் படகை உடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மரப்படகுகள் இயந்திரத்தின் அடியில் நொறுங்கின. படகு கட்டும் ஆசாரிகளுக்கு வேலை போனது. அங்கே பாதுகாப்பின் பெயரால், இங்கே நிவாரணத்தின் பெயரால். இரண்டு இடத்திலும் எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

கரையே மாறிக்கொண்டிருப்பதையும் பார்க்காமல் போக முடியாது. வங்கக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்புகிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல்லணைகள் போட்டார்கள். பொதுகேயின் ஆறு கடலில் கலக்கும் அதே வாய். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. வீராம்பட்டினத்துக்கு அகலமான கடற்கரை. புதுச்சேரி நகரத்துக்குக் கருங்கல் குவியல். அந்தக் கல்லுக்கும் வடக்கே இருக்கும் குப்பங்களில் கடல் வீடுகளைத் தின்றது. அங்கும் கல் போட்டால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. கழுவெளி வாயில் அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக் குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் வந்தபோது, படகு நிறுத்தப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்ற மீனவரின் நியாயமும், இன்னொரு புதுச்சேரியாகிவிடக் கூடாது என்ற அச்சமும் ஒன்றாகவே எழுந்தன. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த வழி பொய்யாகிவிடும். பரதவர் வீட்டில் பழைய கள் தருவார்கள் என்று பாணன் சொன்ன அதே கரையில், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுப் பெண் வடித்து, வருகிறவருக்கு ஊற்றிக் கொடுத்த ஒன்று, யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து விற்கும் விஷமாக மாறிய தூரம் அது. அந்தக் குப்பத்து மணலில் நடக்கிறவர் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். அந்த நாள்களில் குப்பத்துக்குப் போனால் வலை பழுதுபார்க்கிறவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். மற்ற மாதங்களில் விடிவதற்கு முன் போக வேண்டும். படகு கரையேறும், தோள் கொடுத்துத் தள்ளுவார்கள், வலையை உதறுவார்கள், மீன் மணலில் விழும். சங்கரா, கானாங்கத்தை, காரப்பொடி, நண்டு என்று கூறு கட்டுவதும் ஏலமும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏலம் எடுத்த பெண்கள் அன்னக்கூடையோடு பேருந்துக்கு ஓடுவார்கள். விற்றது போக மிஞ்சியது உப்பேறி, வெயிலில் காய்ந்து, மேற்கே போகும். ஊரிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால், "எந்தூருங்க? சாப்டீங்களா?" என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்வியில் இருப்பது சிறுபாணாற்றுப்படையின் விருந்தோம்பல்தான்.

மாசி மகத்தன்று இந்த வழி தலைகீழாகிவிடும். திருவண்ணாமலையில் அன்று அருணாசலேசுவரர், மகனில்லாதவராகத் தலபுராணம் சொல்லும் வல்லாள மகாராஜாவுக்கு மகனாக இருந்து திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போகிறார். 1342இல் மதுரை சுல்தானின் படையிடம் உயிரிழந்த போசள அரசன் அவன். கிழக்கே இருக்கிற தெய்வங்கள் கடலுக்கே போகின்றன. ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குப் போகிறார், வழியில் தர்கா தரப்பில் மரியாதை செய்கிறார்கள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் போனால், மீனவர்கள் தங்கள் ஊர் மாப்பிள்ளை வருகிறார் என்று வரவேற்கிறார்கள். புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் வருகிறார். தீவனூர்ப் பிள்ளையாரும் செஞ்சி ரங்கநாதரும் வருகிறார்கள்.

திண்டிவனத்திலிருந்தும் ஒரு பெருமாள் வருகிறார். அவர் கோயில் இருக்கும் பகுதிக்குப் பெயர் நல்லியக்கோடன் நகர். கிடங்கிலில் உட்கார்ந்துகொண்டு கடற்கரை வழியாகப் பாணர்களைத் தன்னிடம் வரவழைத்த அரசனின் பெயர், ஆண்டுக்கு ஒருமுறை ஒலிபெருக்கி அறிவிப்பில் கடற்கரைக்கு வந்து சேர்கிறது. குப்பத்துக்காரர்கள் பந்தல் போட்டு, மோர் ஊற்றுகிறார்கள். தெய்வங்கள் வரிசையாக நிற்க, தீர்த்தவாரி முடிகிறது. கூட்டம் அலைக்குள் இறங்கி மூழ்கி எழுகிறது.

பொழுது சாயும்போது வாகனங்கள் திரும்பக் கிளம்புகின்றன, ஒன்று மயிலத்துக்கு, ஒன்று செஞ்சிக்கு. திருவண்ணாமலைப் பேருந்தில் ஈரத் துணியோடு ஏறியவர்களில் சிலர் கையில் பிளாஸ்டிக் பாட்டில். வீட்டில் தெளிப்பதற்குப் பிடித்த கடல்நீர். வண்டி கிளியனூர் தாண்டும்போது பாட்டிலின் அடியில் மணல் படிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். மடியில் காகிதத்தில் சுற்றிய கருவாட்டின் வாசம், ஜன்னல் திறந்திருந்தும், செஞ்சி வரைக்கும் போகாது.